ஏட்டில் ஏறாத பெயர்

“துரைசானி வந்திருக்காங்க, எந்திரிங்க!”

சொன்னவர் என் அப்பாயி. எண்பது வயதைக் கடந்தவர். கோலூன்றி எழுந்தார், முந்தானையைச் சரிசெய்தார், இரு கைகளையும் கட்டிக்கொண்டு வாசற்படி ஓரமாக நின்றார். கண்டிச் சீமையை விட்டு அவர் கப்பலேறி ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. முதுகிலிருந்த கொழுந்துக் கூடை இறங்கிவிட்டது. துரை போனான், கங்காணி போனான், பிரட்டுக்களத்துத் தப்பொலியும் போயிற்று. ஆனால் வெள்ளைத் தோலைக் கண்டதும் எழுந்து நிற்கும் பழக்கம் மட்டும் எலும்புக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வந்திருந்த அம்மையாருக்கோ என்னைவிட அதிக வெட்கம். அவர் சட்டெனத் தரையில் விரித்திருந்த பாயில் அமர்ந்து, அப்பாயியின் கைபற்றித் தம் அருகே அமர்த்திக்கொண்டார்.

அவர் கனடா நாட்டு ஒன்டாரியோவிலிருந்து வந்தவர், என்னைப்போல் பள்ளி ஆசிரியை, ஓய்வு பெற்றவர். அவருடைய முன்னோர் ஸ்காட்லாந்துக்காரர். கொள்ளுப்பாட்டனின் தமையன் ஒருவன் கண்டிமலைக்குச் சென்று காப்பித் தோட்டத்துத் துரையாக இருந்தானாம். அந்த மலையைப் பார்த்துவிட்டு, அங்கே உழைத்தவர்களின் வழிவந்தோரையும் பார்க்க வேண்டும் என்று நீலகிரிக்கு வந்திருந்தார். இலங்கையிலிருந்து திரும்பியோர் எங்கள் ஊரில் இருப்பதையும், ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் அவர்களிடையே உண்டென்பதையும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தான் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தோழர்களே! முன்னோரைத் தேடி வந்தேன் என்று அவர் சொன்னபோது, உள்ளூர நகைத்தேன். குலமுறை கிளத்துவதைப்பற்றி நமக்குத் தெரியாததா? சூரியனிலிருந்து தொடங்கிச் சந்திரனில் முடியும் மன்னர் மரபுகள்! எந்த முனிவனின் வழியில் வந்தோம் என்று முணுமுணுக்கும் கோத்திரங்கள்! ‘எங்கள் பாட்டனார் ஆண்ட பரம்பரை’ என்று இன்று ஒட்டுத்திண்ணைகூட இல்லாதவன் பேசும் பேச்சு! கல்லூரி நாட்களில் இவற்றை எள்ளி நகையாடி மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கியவன் நான். ‘இந்த அம்மையாரும் ஒரு கோட்டைக்கோ கொத்தளத்துக்கோ உரிமை கொண்டாட வந்திருக்கிறார்போலும்’ என்று எண்ணிக்கொண்டேன்.

அவர் ஒரு நீண்ட தாளை விரித்தார். எங்கள் கூடத்தின் பாதி நீளம் வந்தது. நுண்ணிய எழுத்தில் நூற்றுக்கணக்கான பெயர்கள். பெயருக்குக் கீழே பிறந்த நாள், இறந்த நாள், செய்த தொழில். தொழிலைப் படித்துக்கொண்டே போனேன்: பண்ணையாள், பண்ணைப் பணிப்பெண், கைத்தறி நெசவாளி, மீண்டும் பண்ணையாள், வண்டிச்சக்கரம் செய்யும் தச்சன், கல் உடைப்பவன், பண்ணையாள்...

கோமகன் ஒருவனும் இல்லை. கோட்டை ஒன்றும் இல்லை. ஏழு தலைமுறையும் ஏழைகள்!

அந்தத் தாள் தொடங்கும் இடம் ஃபோர்டூன். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், கின்கார்டின்ஷயர் வட்டத்தில் உள்ள ஒரு பாரிஷ். ஒரு மாதா கோயிலும் அதைச் சுற்றிய ஊர்களும் சேர்ந்தது பாரிஷ். ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ 900 பாரிஷ்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பாதிரியாரோ அவருடைய எழுத்தரோ ஓர் ஏடு வைத்திருந்தார்: யார் வீட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம், யாருக்கும் யாருக்கும் திருமணம், யாருக்கு அடக்கம் என்று. பெர்த்ஷயரிலுள்ள எரோல் பாரிஷின் ஏடு 1553-இல் தொடங்குகிறது; எஞ்சியிருப்பவற்றில் அதுவே பழையது. இந்த ஏடுகளெல்லாம் இன்று எடின்பரோவில் அரசின் காப்பகத்தில் உள்ளன.

‘பாதிரியார் எழுதி வைத்தார், பேத்தி எடுத்துப் படித்தாள், இதில் என்ன கடினம்?’ என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். அம்மையார் சிரித்தார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆயினவாம் அந்தத் தாளை நிரப்ப!

ஏன் தெரியுமா? அந்த வட்டாரத்துப் பண்ணையாளுக்கு நிலையான ஊர் கிடையாது. ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் நவம்பர் மாதமும், ஆள் பிடிக்கும் சந்தை கூடும். பண்ணைக்காரர்கள் வந்து, நிற்கும் ஆட்களின் தோளையும் கையையும் பார்த்து, ஆறு மாதத்துக்கு அமர்த்திக்கொள்வார்கள். தவணை முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த பண்ணை, அடுத்த பாரிஷ். ஆகவே ஒரு குடும்பத்தின் ஆறு பிள்ளைகள் ஐந்து பாரிஷ் ஏடுகளில் சிதறிக் கிடந்தார்கள். மாடு விற்கும் சந்தை போல் மனிதர் விலைபோன சந்தை சீமையிலும் இருந்தது! ‘வெள்ளைக்காரன் என்றால் துரை’ என்று எண்ணியிருந்த எனக்கு அது முதற்பாடம்.

இன்னொரு தடை, வரி. 1783-இல் அரசு ஓர் ஆணையிட்டது: ஏட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி கொடுக்க வேண்டும். பிச்சைக்காரப் பட்டியலில் இருப்போருக்கு மட்டும் விலக்கு. மானமுள்ள ஏழை என்ன செய்வான்? ‘நான் பிச்சைக்காரன்’ என்று எழுதிக்கொடுக்கவும் மனமில்லை, மூன்று பென்னிக்கும் வழியில்லை. பிள்ளையின் பெயரைப் பதியாமலே விட்டுவிட்டான். 1794-இல் அந்த வரி நீக்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் ஏட்டுக்கு வெளியே பிறந்து, ஏட்டுக்கு வெளியே வளர்ந்துவிட்டார்கள்.

அம்மையாரின் தாளிலும் அப்படி ஓர் ஓட்டை. 1792-இல் பிறந்த ஓர் ஆண்மகன். ஞானஸ்நான ஏட்டில் அவன் இல்லை. தாய் யார், தந்தை யார்? ஆண்டுக்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் அவன் கிடைத்தான். எங்கே? பாவக் கணக்கில்!

பாரிஷ்தோறும் சபை மூப்பர் மன்றம் ஒன்று இருந்தது. பாதிரியாரும் ஊர்ப் பெரியவர்களும் கூடி ஒழுக்கத்தை விசாரிக்கும் மன்றம். மணமாகாத பெண் கருவுற்றால் அழைப்பு வரும். ‘தந்தை யார்? சத்தியம் செய்து சொல்!’ என்று கேட்பார்கள். கேட்டதையும் சொன்னதையும் எழுதி வைப்பார்கள். பின்னர் தண்டனை: மூன்று ஞாயிற்றுக்கிழமை, முழுச் சபையின் முன், தனித்து நின்று பாதிரியாரின் கண்டனத்தைக் கேட்க வேண்டும். அதற்கென ஒரு முக்காலியே உண்டு. அதற்குப் பெயர், மனம் வருந்தும் முக்காலி! உலகம் போற்றும் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸும் 1786-இல், மாக்லின் என்னும் ஊர்க் கோயிலில், தாம் காதலித்த ஜீன் ஆர்மர் கருவுற்றதற்காக இவ்வாறு சபைமுன் நின்றவரே. அவருடைய தந்தை பிறந்ததும் இதே கின்கார்டின்ஷயர்தான். அவர் முன்னோரின் கல்லறைகள் ஃபோர்டூனை அடுத்த கிளென்பெர்வியில் உள்ளன.

1792-ஆம் ஆண்டு மன்றத்தின் குறிப்பில் ஒரு பண்ணைப் பணிப்பெண் வந்து நிற்கிறாள். தந்தையின் பெயரைச் சொல்கிறாள். அவன் மறுக்கிறான். அவள் மீண்டும் சொல்கிறாள். மூன்று வாரம் சபையின் முன் நிற்கிறாள். மகனைத் தன் பெயரால் வளர்க்கிறாள். அந்த மகன் தச்சனாகிறான்.

அந்த இடத்தில் அம்மையார் விரலை வைத்தார். வெட்கத்துடன் மறைத்துவிட்டு மேலே செல்வார் என்று நினைத்தேன். அவரோ நிமிர்ந்து சொன்னார்: “இந்தத் தாளிலேயே நான் பெருமைப்படுவது இவளைப் பார்த்துத்தான். ஊரே கூடி அவமானப்படுத்தியது. இவள் பிள்ளையைக் கைவிடவில்லை. அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.”

தோழர்களே, குலப்பெருமை பேசுவோர் செய்வது என்ன? இத்தகைய பெண்ணை ஏட்டிலிருந்து கிழித்தெறிவார்கள். அந்த இடத்தில் ஒரு முனிவரையோ மன்னரையோ ஒட்டுவார்கள். இந்த அம்மையார் கிழித்தெறியப்பட்டவளைத் தேடி எடுத்து நடுவில் வைத்திருக்கிறார். இரண்டுக்கும் பெயர் ‘வம்ச வரலாறு’தான். ஆனால் ஒன்று பொய்யின் மேல் கட்டிய கோபுரம். மற்றொன்று மெய்யின் மேல் ஏற்றிய விளக்கு.

என் நகைப்பு அப்போது அடங்கியது. ஆவலுடன் கேட்கத் தொடங்கினேன்.

1855 சனவரி முதல் நாளிலிருந்து பதிவு வேலை பாதிரியார் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியது. எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும், எந்தக் கடவுளையும் வணங்காதவராயினும், பிறப்பும் மணமும் இறப்பும் கட்டாயம் பதியப்பட வேண்டும் என்றாயிற்று. முதல் ஆண்டில் அதிகாரிகள் அளவு மீறிய ஆர்வம் காட்டினார்கள். ஒரு குழந்தையின் பிறப்பைப் பதியும்போதே பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மணந்த நாள், அதற்குமுன் பிறந்த பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் எழுதினார்கள். எழுதி முடியவில்லை; அடுத்த ஆண்டே குறைத்துக்கொண்டார்கள். அந்த 1855-ஆம் ஆண்டில் குடும்பத்தில் ஒரு பிறப்போ இறப்போ நேர்ந்திருந்தால், தேடுவோருக்குப் புதையல் கிடைத்தது போல!

மற்றொன்றும் கண்டேன். அந்த ஏடுகளில் மணமான பெண் தன் பெயரை இழப்பதில்லை. பிள்ளையின் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் நிற்கிறது. கல்லறையிலும் கணவன் பெயருக்குக் கீழே அவளுடைய சொந்தப் பெயரே பொறிக்கப்படுகிறது. மரணச் சான்றில் இறந்தவரின் தந்தை பெயர் மட்டுமன்றித் தாய் பெயரும் உண்டு. ஆகவே தந்தை வழி, தாய் வழி இரண்டிலும் ஏறிச் செல்ல முடிகிறது. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர் என்று வைப்பது அங்கே வழக்கம். கேட்டதும் அப்பாயி முகம் மலர்ந்தார்: “நம்ம பேரன் மாதிரிதானே! பாட்டன் பேரை வச்சுக்கிறதாலதான் பேரன்!”

அந்தத் தச்சனுக்குப் பிள்ளைகள் பலர். மூத்தவர்களில் ஒருவன் கண்டிக்குப் போனான். இளையவன் கனடாவுக்குப் போனான். அவனே அம்மையாரின் கொள்ளுப்பாட்டன். ஒருத்தி ஊரிலேயே தங்கினாள். மூவரின் வழிவந்தோரும் இன்று அந்தத் தாளில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

கண்டிக்குப் போனது தற்செயல் அன்று. கின்கார்டின்ஷயரிலிருந்து அக்காலத்தில் இளைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றார்கள். முன்னே சென்றவன் பின்னே வருபவனுக்கு வேலை பார்த்து வைத்தான். அவர்களில் புகழ்பெற்றவர் ஜேம்ஸ் டெய்லர். 1835-இல் ஃபோர்டூனையொட்டிய மான்போடோ பண்ணையில், வண்டிச்சக்கரத் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஒன்பது வயதில் தாயை இழந்தவர். பதினாறு வயதில், ஆண்டுக்கு நூறு பவுன் சம்பளத்துக்கு ஒப்பந்தமாகிக் கப்பலேறி, 1852-இல் கண்டி சேர்ந்தார். 1867-இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். காப்பியை இலைநோய் அழித்தபின் இலங்கையைத் தாங்கிய தேயிலைத் தொழிலுக்கு அதுவே வித்து. அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் ஸ்காட்லாந்தின் தேசிய நூலகத்தில் உள்ளன.

1892-இல் அவர் இறந்தார். பன்னிருவர் பன்னிருவராக இரண்டு குழு, மொத்தம் இருபத்து நான்கு தோட்டத் தொழிலாளர்கள், மாற்றி மாற்றித் தோள்கொடுத்து, மலையிலிருந்து கண்டிவரை அவருடைய உடலைச் சுமந்து சென்றார்கள். ‘சாமி துரை’ என்று அவரை அழைத்தார்களாம்.

நான் படித்த வரலாறுகளில் இந்த இருபத்து நான்கு என்ற எண் இருக்கிறது. எத்தனை மைல் நடந்தார்கள் என்ற கணக்கு இருக்கிறது. இருபத்து நால்வரில் ஒருவருடைய பெயரும் இல்லை.

அம்மையாரின் தாய்வழி வேறு கதை. அது வடகோடியில், சதர்லாந்து வட்டத்துக் கில்டோனன் பாரிஷ். பண்ணை முதலாளிகளுக்கு ஆட்டுமந்தை வளர்த்தால் வருவாய் அதிகம் என்று தெரிந்தது. மனிதர் இருந்த இடத்தில் ஆடு வேண்டும். ஆகவே மனிதர் வெளியேற வேண்டும்! 1811-இல் கில்டோனனில் 1,574 பேர். 1831-இல் 257 பேர். இடையில் நடந்ததுதான் வரலாறு. 1813-இல் அங்கிருந்து புறப்பட்ட ஒரு கூட்டம் ஹட்சன் விரிகுடாவில் இறங்கி, பனியில் நடந்து, இன்றைய வினிப்பெக் நகரம் உள்ள செவ்வாற்றங்கரையை அடைந்தது. அந்த இடத்துக்குக் கில்டோனன் என்றே பெயரிட்டார்கள். ஊரை இழந்தவர்கள் ஊரின் பெயரையாவது தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த அநீதியின்போது கோயில் என்ன செய்தது? ஏழைகளுக்காகக் குரல் கொடுத்த பாதிரியார்களும் உண்டு. ஆனால் பலர், ‘இது உங்கள் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை’ என்று போதித்தார்கள். 1845-இல் கிளென்கால்வி என்னும் பள்ளத்தாக்கிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள், கிராய்க் என்னும் ஊர்க் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் தங்கின. உள்ளே செல்லவில்லை, வெளியே, கல்லறைகளுக்கு நடுவே! கோயிலின் சன்னல் கண்ணாடியில் தங்கள் செய்தியைக் கீறி வைத்தார்கள். இன்றும் அது அங்கே இருக்கிறது. என்ன கீறினார்கள் தெரியுமா? துரத்தியவனைத் தூற்றியா? இல்லை. தங்களையே ‘பொல்லாத தலைமுறை’ என்று கீறினார்கள்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நிலத்தைப் பறித்தவன் மாளிகையில். பறிகொடுத்தவன் கல்லறையில் படுத்துக்கொண்டு ‘நான் பாவி’ என்று எழுதுகிறான். தலைவிதி, முன்வினை என்று நம் மக்கள் நெற்றியில் எழுதிக்கொண்டதை அவர்கள் கண்ணாடியில் எழுதினார்கள். எழுத்து வேறு, மொழி வேறு, ஏமாற்று ஒன்றே.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தக் குடிகள் துரத்தப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1822-இல், நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளினார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் வரவேற்பை நடத்தினார். பிரபுக்களெல்லாம் கட்டம்போட்ட குலத்துணி அணிந்து அணிவகுத்தார்கள். குலத்துக்கொரு கட்டம், குடும்பத்துக்கொரு நிறம் என்ற ‘தொன்றுதொட்ட’ வழக்கம் பெரும்பாலும் அந்தக் காலத்தில் வளர்ந்ததே! அதைத்தான் இன்று உலகெங்கும் வாங்கிப் போர்த்திக்கொள்கிறார்கள். அம்மையாரிடம் கேட்டேன், “உங்களிடமும் அந்தத் துணி உண்டோ?” “எங்கள் பண்ணைப் பணிப்பெண்ணிடம் மாற்றுத்துணியே இருந்திருக்காது” என்றார் அவர்.

குல இரத்தம் என்று பேசுவோருக்கு நான் வகுப்பில் ஒரு கணக்குச் சொல்வதுண்டு. பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். பத்துத் தலைமுறை மேலே சென்றால் 1,024 இடங்கள். அந்த 1,024 இடங்களிலும் நின்றவர்கள் யார் யார், எந்தக் குலம், எந்த ஊர் என்று எவனால் சத்தியம் செய்ய முடியும்? அம்மையாரின் தாளும் அதையே காட்டியது. மேலே செல்லச் செல்லக் குலம் கரைந்தது; மக்கள் தெரிந்தார்கள்.

இதையெல்லாம் நான் தமிழில் எடுத்துச் சொல்லச் சொல்ல, அப்பாயி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தறியாதவர். மெல்லக் கேட்டார்:

“இதுல கூலிக்காரங்க பேரும் இருக்குதா?”

“எல்லாருமே கூலிக்காரர்கள்தான் அப்பாயி.”

அவர் நம்பவில்லை. மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் சொன்னேன். அவர் தாளின்மேல் கையை வைத்துத் தடவினார். “கூலிக்காரங்க பேரையும் எழுதி வச்சிருக்கான் பாரு” என்றார். குரலில் பொறாமை இல்லை, வியப்பு இருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது.

அப்பாயியின் உலகில் பெயர் என்றால் கூலி. தோட்டத்து வழக்கு அது. காலையில் பிரட்டில் நின்று, நாள் முழுதும் கொழுந்து பறித்து, நிறுவை சரியாக இருந்தால் கணக்கப்பிள்ளை செக்ரோலில் ‘பேர்’ போடுவார். நிறுவை குறைந்தால் ‘அரைப்பேர்’. பாதி நாட் கூலி! அந்த ஏட்டில் அப்பாயியின் பெயர் ஏறியதெல்லாம் எத்தனை நாள் உழைத்தார் என்பதற்காக. யாருக்குப் பிறந்தார், எந்த ஊர்க்காரர் என்பதற்காக அன்று.

அம்மையார் கேட்டார்: “உங்கள் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார்?”

“திருச்சிராப்பள்ளிப் பக்கம்னு அப்பா சொல்வாரு. ஊர் பேர் தெரியாதும்மா.”

அவ்வளவுதான். இரண்டு தலைமுறையோடு எங்கள் தாள் முடிந்தது. பஞ்சத்தில், கங்காணியின் பேச்சை நம்பி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த கூட்டத்தில் எங்கள் முன்னோரும் இருந்தார்கள். வழியில் வாந்திபேதியில் விழுந்தோரை அங்கேயே விட்டுவிட்டுக் கூட்டம் நடந்தது. ஸ்காட்லாந்துக்காரன் தன் ஊர்ப் பெயர்களை இலங்கை மலைமேல் எழுதினான்: பால்மோரல், ஹோலிரூட், டன்சினேன் என்று தோட்டங்களுக்குப் பெயர் வைத்தான். அங்கே உழைத்தவனுக்குத் தன் ஊரின் பெயரைப் பிள்ளைகளிடம் பத்திரமாகக் கொடுத்துச் செல்லவும் முடியவில்லை.

‘ஊர்ப் பெயர் தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிவிட்டது?’ என்று கல்லூரி நாட்களில் நான் கேட்டிருப்பேன். குடிதான் முழுகியது! 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் என்ன கேட்டது? இலங்கையில் பிறந்தால் போதாது. உன் தந்தை இங்கே பிறந்தார் என்று காட்டு. அல்லது உன் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றது. லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவன் எதைக் காட்டுவான்? பிரட்டில் நின்ற காலைக் காட்டுவானா? கொழுந்து பறித்துக் காய்த்த விரலைக் காட்டுவானா? தாள் கேட்டார்கள், தாள் இல்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்கள் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப்பற்றிப் பிறகு பார்ப்போம்! மனிதர்களைப் பங்குபோட்ட அந்தக் கணக்கில்தான் என் அப்பாயி தலைமன்னாரில் கப்பலேறினார். எஞ்சியவர்களின் நாடற்ற நிலைக்கு இலங்கை நாடாளுமன்றம் தீர்வுச் சட்டம் இயற்றியது 2003-இல்.

இங்கே வந்தபின்னும் முடிந்ததா? சில ஆண்டுகளுக்குமுன் என் சிற்றப்பா மகள் சான்றிதழ் ஒன்றுக்காக ஓர் அலுவலகத்துக்குச் சென்றாள். “பூர்வீகம் எந்த ஊர்?” என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். “பூர்வீகம் தெரியாதவங்களுக்கு எப்படிக் கொடுக்கிறது?” என்றார்கள். இறுதியில் கிடைத்தது, நடையாய் நடந்து, ஓராண்டு வீணான பின்னர்.

இப்போது எனக்கு விளங்கியது. முன்னோரைத் தேடுவது வேறு, முன்னோரைக் கும்பிடுவது வேறு. ‘நான் உயர்ந்தவன்’ என்று காட்டத் தேடினால் அது மடமை. ‘இவர்கள் வாழ்ந்தார்கள், இப்படி வதைக்கப்பட்டார்கள், ஆயினும் நின்றார்கள்’ என்று காட்டத் தேடினால் அது நீதி. ஃபோர்டூன் பாதிரியார் அந்தப் பெண்ணின் பெயரை எழுதியது அன்பினால் அன்று, அடக்கி வைக்க. ஆனால் எழுதியது எழுதியதாகவே இருந்தது. இருநூறு ஆண்டு கழித்து, அந்தத் தண்டனை ஏட்டையே அவள் பேத்தி அவளுக்குச் சாட்சியாக மாற்றிக்கொண்டாள்.

என் குற்றமும் எனக்கு விளங்கியது. கனடாவிலிருந்து ஒருவர் வந்து கேட்டபோதுதான் அப்பாயி தம் பாட்டனைப்பற்றிப் பேசினார். ஒரே கூரையின்கீழ் இத்தனை ஆண்டு இருந்தும் நான் கேட்டதில்லை! குலப்பெருமையை வெறுக்கிறேன் என்ற பெயரில், என் வீட்டுப் பாட்டாளியின் வரலாற்றையும் சேர்த்தே தள்ளியிருந்தேன்.

அம்மையார் புறப்படும்முன் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். “நீங்கள் எழுதுங்கள்” என்றார். அடியில் அப்பாயியின் பெயரை எழுதினேன். “அப்பாயி, உங்க அம்மா பேரு?” சொன்னார். “அவங்க அம்மா?” சற்று யோசித்தார். பிறகு மெல்லிய குரலில் ஒப்பாரி ஒன்றைத் தொடங்கினார். அவருடைய தாயார் பாடுவதாம். அதற்குள் பெயர்கள் இருந்தன: வழியில் இறந்த ஒரு தங்கை, பிள்ளைப்பேற்றில் இறந்த ஓர் அக்காள், அந்த ஆத்தாள். ஏடு வைக்க ஆளில்லாத இடத்தில் பெண்கள் அழுகையிலே ஏடு வைத்திருந்திருக்கிறார்கள்! நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். ஏழு பெயர்கள் எழுதினேன்.

மறுவாரம் என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு எழுதி வாருங்கள்: பாட்டி பெயர், பாட்டியின் தாய் பெயர், பாட்டன் பெயர், எங்கிருந்து வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், எதற்காக ஊரை விட்டார்கள். சாதி என்ற கட்டம் அதில் இல்லை. கோத்திரம் என்ற கட்டமும் இல்லை. தொழில் உண்டு, பாடு உண்டு, பெயர் உண்டு. முப்பத்தொரு நோட்டுகள் வந்தன. ஒருத்தி மட்டும் வெறும் நோட்டைக் கொடுத்தாள். “பாட்டி செத்துப்போச்சு சார். யாரும் கேட்டு வைக்கலை” என்றாள்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் இருப்பார். இன்றிரவே கேளுங்கள். எழுதுங்கள். அரைப்பேராக அல்ல, முழுப்பெயராக!